88-ல அதிர்ற அம்பாசிடரும் ஒரு இரும்புக் குழாயும்

பரமக்குடி தாண்டி நாலு வழிச்சாலையில ஏறி வண்டி 80-ஐத் தொட்டுச்சுன்னா அம்மா காலடியில வச்சிருக்கிற தூக்குவாளியோட மூடி லேசா முனக ஆரம்பிக்கும், 85-ல சடசடன்னு அடிக்கும், 88-ல கழண்டு விழுந்துரும் போல ஆடும். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முன் சீட்டு முதுகை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். கண்ணாடியில அந்தக் கையைப் பாத்ததும் நான் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துருவேன். இடுப்பு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவை மண்டபத்துலேர்ந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன், போக மட்டும் 150 கிலோமீட்டருக்கு மேல, அதுல பாதி தூரம் அந்த அதிர்வு சீட்டு வழியா நேரா அவங்க இடுப்புக்குத்தான் போகுதுன்னு எனக்குத் தெரியும். வேற வண்டி வாங்கலாமேன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லியாச்சு. இது அப்பா ஓட்டின வண்டி, அம்மாவுக்கு இதுல ஏறி இறங்கத்தான் சுளுவா இருக்கு, கதவு பெருசு, சீட்டு உசரம். அதனால வண்டியை மாத்தாம அதிர்வை மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன். அந்தக் கதைதான் இது, கொஞ்சம் நீளம், பின் சக்கரம் இழுக்கிற பழைய வண்டி வச்சிருக்கிறவங்க பொறுமையா படிங்க.

வண்டி அம்பாசிடர். 1988 அக்டோபர்ல பாம்பன் ரோடு பாலம் திறந்தாங்க, அதுக்கு முன்னாடி ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலை விட்டா தரை வழி கிடையாது, கார் எல்லாம் மண்டபத்தோட நின்னுரும். பாலம் வந்தப்புறம் யாத்ரீகங்களை ஏத்தி இறக்குற டாக்சித் தொழில் எங்க பக்கம் சூடு பிடிச்சுச்சு, அப்பாவும் அதுல இறங்கினாரு. அப்புறம் பழைய இஞ்சின் தேஞ்சு போனப்ப இசுசு 1.8 பெட்ரோல் இஞ்சினும் அதோட அஞ்சு கியர் பெட்டியும் வாங்கி மாட்டினாரு, ஆர்.சி. புக்குலயும் முறையா ஏத்திட்டாரு. கியர் பெட்டியோட நீளம் வேற, அதனால பின் சக்கரத்துக்கு சுத்தைக் கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டை ஏதோ ஒரு பட்டறையில வெட்டி, வேற குழாய் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்காங்க. அப்பா ஓட்டினதெல்லாம் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, மிஞ்சிப் போனா ராம்நாடு. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல பாலத்து மேல 40-க்கு மேல யாரும் போக மாட்டாங்க. 60-ஐத் தாண்டாத வண்டியில அந்த ஷாஃப்ட்டோட குறை வெளிய தெரியவே வாய்ப்பில்ல. தெரிஞ்சது என் கைக்கு வந்து, மதுரை ரோட்டுல ஓட ஆரம்பிச்சப்புறம்தான்.

இந்தக் காலத்து சின்ன கார்கள்ல முன் சக்கரமே இழுத்துக்கும், இந்த நீள ஷாஃப்ட் கிடையாது. அம்பாசிடர், ஜீப், பொலிரோ, லாரி இதுலல்லாம் முன்னாடி இருக்கிற கியர் பெட்டியிலேர்ந்து பின்னாடி ஆக்சில்ல இருக்கிற கிரவுன் பினியன்ங்கிற பல்சக்கர ஜோடி வரைக்கும் வண்டி வயித்துக்குக் கீழ ஒரு குழாய் சுத்திக்கிட்டே இருக்கும். ரெண்டு முனையிலயும் கூட்டல் குறி மாதிரி ஒரு கிராஸ், அதோட நாலு காலுலயும் ஊசி பேரிங். ரோட்டு மேடு பள்ளத்துக்கு பின் ஆக்சில் ஏறி இறங்கினாலும் சுத்துறது நிக்காம இருக்க இந்த கிராஸ்தான் காரணம்.

முதல்ல நான் பண்ணின தப்பு, எல்லாரும் சொன்னதை வரிசையா செஞ்சது. வீல் பேலன்ஸ் பண்ணேன், டயர் மாத்தினேன், இஞ்சின் மவுண்ட் ரப்பர் மாத்தினேன், கிராஸ் ரெண்டையும் புதுசா போட்டேன், ஒரு பட்டறையில ஷாஃப்ட்டைக் கழட்டி ரெண்டு தடவை பேலன்ஸும் பண்ணிட்டு வந்தேன். ஒவ்வொண்ணுக்கும் பணம் போச்சு. பேலன்ஸ் பண்ணின மறுநாள் நல்லா இருக்கும், நாலு நாள் கழிச்சு திரும்ப வரும், ஒரு நாள் காலையில இருக்காது, சாயங்காலம் திரும்பி வரையில இருக்கும். இந்த வந்து வந்து போறது எனக்குப் புரியவே இல்ல. "அது உங்க மனப்பிரமை சார்"னு அந்தப் பட்டறைக்காரர் சொன்னப்ப ரொம்ப வலிச்சுச்சு, ஏன்னா அம்மாவோட கை சீட்டைப் பிடிச்சிருந்தது பிரமை இல்ல.

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சு, அதிர்வு எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிப்போம், காசு அப்புறம் செலவு பண்ணுவோம்னு ஆரம்பிச்சேன். 88-ல அதிரும்போதே கிளட்ச்சை மிதிச்சு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன், இஞ்சின் அடங்கி ஐடிலுக்கு வந்துருச்சு, அதிர்வு அப்படியே இருந்துச்சு. அப்ப இஞ்சின் இல்ல. ஸ்டீரிங் ஆடல, தரையும் சீட்டும்தான் ஆடுது. அப்ப முன் சக்கரமும் இல்ல.

மிச்சம் சக்கரமா ஷாஃப்ட்டாங்கிறதைக் கணக்குலதான் பிரிக்க முடியும். வீட்டு வாசல்ல பின் டயர்லயும் தரையிலயும் சாக்பீஸால ஒரே இடத்துல கோடு போட்டு, தம்பியை விட்டு வண்டியை மெல்லத் தள்ளச் சொல்லி, டயர் கோடு ஒரு சுத்து சுத்தித் திரும்ப அடியில வந்ததும் தரையில இன்னொரு கோடு போட்டேன். டேப்பு வச்சு அளந்தா 2 மீட்டர் 5 சென்டிமீட்டர். கிரவுன்ல 41 பல்லு, பினியன்ல 9, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.55 சுத்து சுத்துது. இந்த ரெண்டு நம்பர் கையில இருந்தா போதும், மத்தது பெருக்கல் வகுத்தல்தான். 88 கிலோமீட்டர்னா நிமிஷத்துக்கு 1467 மீட்டர், அதை 2.05-ஆல வகுத்தா சக்கரம் நிமிஷத்துக்கு 715 சுத்து, ஷாஃப்ட் ஏறக்குறைய 3260 சுத்து. செகண்டுக்குன்னு பாத்தா சக்கரம் 12 தடவை, ஷாஃப்ட் 54 தடவை. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, நாலாவது கியர்ல போனாலும் அஞ்சாவதுல போனாலும் அதே வேகத்துல ஷாஃப்ட் அதே சுத்துதான் சுத்தும், ஏன்னா அது சக்கரத்தோட கட்டியிருக்கு, கியர் மாறினா மாறுறது இஞ்சின் சுத்து மட்டும்.

போன்ல அதிர்வை அளக்கிற ஆப் ஒண்ணு இறக்கி, போனை பின் சீட்டுக்கு அடியில தரையோட டேப் போட்டு ஒட்டி, ஞாயித்துக்கிழமை வெள்ளன ரோடு காலியா இருக்கிற நேரத்துல தம்பி ஓட்ட நான் பின்னாடி உக்காந்து பாத்தேன். திரையில 12-கிட்ட ஒண்ணுமே இல்ல. 54-ல ஒரு பெரிய கோபுரம், 108-ஐ ஒட்டி இன்னொரு சின்ன கோபுரம். அதைப் பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு, நிஜமாத்தான், ஒண்ணரை வருஷமா தேடினது நம்பரா வந்து நிக்குது. 54-ங்கிறது ஷாஃப்ட் ஒரு சுத்துக்கு ஒரு உதை, அது எடை ஒரு பக்கம் சாஞ்சிருக்கிறதால, இல்ல குழாய் வளைஞ்சிருக்கிறதால வர்றது. 108 அதோட ரெட்டிப்பு, ஒரு சுத்துக்கு ரெண்டு உதை, அது கிராஸ் நிக்கிற கோணத்துல இருக்கிற கோளாறு. ஒரு வியாதின்னு நினைச்சது ரெண்டு வியாதி.

எங்க ஊர்ல ஷாஃப்ட்னா லேத் பாய்தான். மண்டபத்துல பாதி மீன்பிடி போட்டுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்தவரு, கையில எடுத்துத் தூக்கிப் பாத்தே கோணலைச் சொல்லிருவாரு. வண்டி ஷாஃப்ட்டைக் கழட்டிக் கொண்டு போய் கொடுத்ததும் விரலால சுண்டிப் பாத்துட்டு, "தம்பி இது தகரம்ப்பா, இதைப் போட்டா ஆடாம என்ன பண்ணும். 50 எம்.எம். கட்டி ராடு ஒண்ணு கிடக்கு, போட்டுக்குன்னு வாங்கினது, அதைக் கடைஞ்சு போட்டுத் தர்றேன், ஆயுசுக்கும் அசையாது"ன்னாரு. கேக்க சரியாத்தான் இருந்துச்சு. கனமா இருந்தா கெட்டியா நிக்கும்னுதானே நம்ம எல்லாருக்கும் தோணும். நானும் தலையாட்டிட்டுத்தான் வந்தேன், ராத்திரி தூக்கம் வரல, கணக்கைத் திரும்ப எடுத்தேன்.

இந்த இடம்தான் இந்தக் கட்டுரையே, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். நீளமான எந்தக் கம்பியும் ரெண்டு முனையில மட்டும் தாங்கி நின்னா நடுவுல தன் எடைக்கு மயிரிழை அளவு தொங்கும், எவ்வளவு நேரா கடைஞ்சாலும் எங்கயோ ஒரு துளி எடை கூடுதலா இருக்கும். சுத்த ஆரம்பிச்சா அந்தக் கூடுதல் எடை வெளிய இழுக்கும், வெளிய போகப் போக இன்னும் இழுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் அந்த இழுப்பும் கம்பி தன்னால அதிர்ற தாளமும் ஒண்ணாயிரும், அப்ப சிறுசுங்க ரெண்டு பேர் பிடிச்சு சுத்துற ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவுல வளைஞ்சு வீசும். அந்த வேகத்துக்குத்தான் கிரிட்டிக்கல் ஸ்பீடுன்னு பேரு. அதைத் தொட்டா கிராஸ் உடையலாம், கியர் பெட்டி வாய் வெடிக்கலாம், ஷாஃப்டே பிச்சுக்கிட்டு வரலாம்.

இரும்புக் குழாய்க்கு அந்த வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. குழாயோட வெளி விட்டத்தையும் உள் விட்டத்தையும் மில்லிமீட்டர்ல எடுத்து, தனித்தனியா வர்க்கம் பண்ணி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். அதை 12 கோடியால பெருக்கி, நீளத்தோட வர்க்கத்தால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிறது வந்துரும். நீளம்னா கிராஸ் நடுவுலேர்ந்து கிராஸ் நடு வரைக்கும், என் வண்டிக்கு 1250 மில்லிமீட்டர். பழைய குழாய் வெளிய 50, தகடு 1.65 தடிமன். கணக்கு போட்டா 5250 சுத்து சொச்சம். பாய் சொன்ன அதே 50 எம்.எம். கட்டி ராடுக்கு உள் விட்டம் பூஜ்யம், கணக்கு போட்டா 3840. திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தேன், 3840-தான். என் வண்டியில 100 கிலோமீட்டர் வேகத்துல ஷாஃப்ட் 3700 சுத்து சுத்தும். அதாவது அந்தக் கட்டி ராடை மாட்டிட்டு நாலு வழிச்சாலையில 100-ஐத் தொட்டிருந்தா, அம்மா பின் சீட்டுல உக்காந்திருக்க, 15 கிலோவுக்கு மேல இரும்பு எங்க காலுக்குக் கீழ கயிறா சுத்த ஆரம்பிச்சிருக்கும்.

கனம் ஏன் உதவலன்னா, கனம் கூடக்கூட விறைப்பும் கூடுது, வெளிய இழுக்கிற எடையும் கூடவே கூடுது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுருது. நடுவுல இருக்கிற இரும்பு விறைப்புக்கு ஏறக்குறைய ஒண்ணுமே பண்றதில்ல, சும்மா எடை. விளிம்புல இருக்கிற இரும்புதான் வேலை செய்யுது. அதனால தகடு தடிமனைக் கூட்டுறதும் பிரயோஜனமில்ல. அகலத்தைக் கூட்டினா கிரிட்டிக்கல் ஸ்பீடு அதே விகிதத்துல கூடும், நீளத்தைப் பாதியா குறைச்சா நாலு மடங்கு கூடும். லாரியிலயும் பிக்கப்புலயும் ஷாஃப்ட்டை ரெண்டா வெட்டி நடுவுல சென்டர் பேரிங் போட்டுத் தொங்க விடுறது இதுக்குத்தான். போட்டுல கட்டி ஷாஃப்ட் ஏன் சரியா ஓடுதுன்னா அங்க கியர் வச்சு சுத்தைக் குறைச்சிருக்காங்க, போட்டோட பின்பக்கம் ஷாஃப்ட் நுழையிற ஸ்டெர்ன் குழாய்க்குள்ள புஷ்ஷு பிடிச்சுக்குது, தள்ளுற பாரமும் அதிகம். பாய் சொன்னது அவரு தொழிலுக்கு நூத்துக்கு நூறு சரி, ரோட்டுக்குத்தான் அது பொருந்தல. அலுமினியம் போட்டா என்னன்னும் பாத்தேன். விறைப்பு குறைவு, எடையும் அதே அளவு குறைவு, அதனால ஒரே அளவு குழாய்னா இரும்பும் அலுமினியமும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துலதான் வீசும். எடை கம்மிங்கிறதால இன்னும் அகலமான குழாய் போடலாம்ங்கிறதுதான் அலுமினியத்தோட லாபம். கார்பன் ஃபைபர் நிஜமாவே மேல, ஆனா அதெல்லாம் ரேஸ் கார் சமாச்சாரம்.

மறுநாள் நோட்டோட போய் பாய்கிட்ட காட்டினேன். கோவிச்சுக்குவாருன்னு பயந்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு வரிவரியா பாத்தாரு, ஒரு டீ குடிச்சாரு, அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு, "அப்ப பெரிய குழாய்தான் போடணும், சரி, உள்ள இடம் இருக்கா?" அந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல. 3 இஞ்ச் குழாய் போட்டா 8000 வரைக்கும் போகுது, கணக்குல அழகா இருக்கு, தரைக்கு அடியில ஷாஃப்ட் ஓடுற குழிவு, அந்த டன்னல்ல அது நுழையணுமே.

அதுக்குப் பாய் சொன்ன வழியைக் கேளுங்க. பிளம்பிங் கடையில 75 எம்.எம். பி.வி.சி. குழாய் ஒரு துண்டும் 63 எம்.எம்.ல ஒரு துண்டும் வாங்கிட்டு வரச் சொன்னாரு. கிராஸ் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு முனையிலயும் மரக்கட்டை வச்சு குழாயை மாட்டி, டிக்கியிலயும் பின் சீட்டுலயும் மணல் மூட்டை அடுக்கி ஸ்பிரிங்கை முழுசா அமுக்கினோம். 75 குழாய் ஹேண்ட்பிரேக் கேபிள் பிடிக்கிற தகட்டுல உரசி வெள்ளையா கோடு விழுந்துச்சு. 63 குழாய்க்கு சுத்திலும் ஒரு விரல் நுழையிற இடம் இருந்துச்சு. முடிவாயிருச்சு. 63.5 வெளி விட்டம், 2 எம்.எம். தகடு, கிரிட்டிக்கல் ஸ்பீடு 6680 வருது. கணக்குல வர்ற வேகம் ரெண்டு முனையும் மலை மாதிரி அசையாம இருந்தாத்தான். வண்டியில கியர் பெட்டி ரப்பர்ல உக்காந்திருக்கு, ஆக்சில் ஆடுது, அதனால நூத்துக்கு எழுபதைத் தாண்டக் கூடாதுன்னு வச்சுக்கணும். பழைய குழாய்ல அந்த எழுபது 99 கிலோமீட்டர்லயே வந்துரும், புதுசுல 126-க்குத் தள்ளிப் போயிருது. எனக்கு 95-க்கு மேல வேலையே இல்ல, ஆனா அந்த 95-ல இயந்திரம் நிம்மதியா இருக்கணும்.

குழாய்ல தையல் போட்டு உருட்டுறதும் இருக்கு, அதைத் திரும்ப குளிர இழுத்து அளவெடுத்தாப்புல கொண்டு வர்ற சி.டி.டபிள்யூ.ன்னும் இருக்கு. ரெண்டாவதைத்தான் வாங்கணும், தகடு எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா இருக்கும், பேலன்ஸ் பாதி அங்கேயே முடிஞ்சுரும். மதுரையில கிடைச்சுச்சு, அந்த அகலத்துக்குப் பொருந்துற வெல்டிங் யோக்கும், அதாவது குழாய் முனையில ஒட்டி கிராஸைப் பிடிக்கிற கவட்டையும், சேத்தே வாங்கினேன்.

பழைய ஷாஃப்ட்டை உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னு பாய் நடுவுல அறுத்தாரு. அறுத்து ரெண்டு துண்டையும் நிமித்தினதும் சொரசொரன்னு ஒரு சத்தம், கீழ விரிச்சிருந்த பேப்பர்ல செம்மண் மாதிரி கொட்டுச்சு. துரு. பொடி மட்டும் இல்ல, நகம் நகமா செதில் செதிலா. கூட்டி அள்ளி பக்கத்துக் கடை டிஜிட்டல் தராசுல வச்சா 23 கிராம். வெல்டிங்ல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தாங்க, அது வழியா நம்ம ஊரு உப்புக்காத்து இத்தனை வருஷமா உள்ள போய் வந்துக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு தடவை பேலன்ஸ் பண்ணியும் ஏன் நிக்கலங்கிறது அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. வண்டி நின்னா செதில் எல்லாம் அடியில உக்காரும், கிளம்பினா எந்தப் பக்கம் ஒட்டுமோ அது அன்னைக்கு விதி. காலையில ஒரு பக்கம், சாயங்காலம் வேற பக்கம். 10 கிராம் எடை ஷாஃப்ட் விளிம்புல ஒரு பக்கமா நின்னா 100 கிலோமீட்டர் வேகத்துல ஏறக்குறைய 4 கிலோ விசையா மாறி செகண்டுக்கு 62 தடவை உதைக்கும். அதே 10 கிராம் 50-ல போகும்போது ஒரு கிலோதான், வேகம் ரெட்டிப்பானா உதை நாலு மடங்கு. அப்பா ஓட்டையில தெரியாதது எனக்குத் தெரிஞ்சதுக்கு இதுதான் காரணம். அந்தத் துருவை ஒரு சின்ன பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன்.

வெல்டிங் அன்னைக்கு முழு நாளும் பாய் கூடவே இருந்தேன். யோக்கோட தோளை குழாய்க்குள்ள இறுக்கமா தட்டி இறங்குற அளவுக்குக் கடைஞ்சாரு, தளதளன்னு இருந்தா வெல்டு இழுத்து ஒரு பக்கம் சாச்சிரும். ரெண்டு முனை யோக்கும் ஒரே தளத்துல நிக்கணும், அதுக்கு சமமான இரும்புப் பலகை மேல படுக்க வச்சு ரசமட்டம் வச்சுப் பாத்தாரு. இது தப்புனா ஒரு கிராஸ் உண்டாக்குற ஏத்த இறக்கத்தை இன்னொரு கிராஸ் சமன் பண்ணாது, கூட்டிரும். நாலு இடத்துல மட்டும் பொட்டு வச்சு ஒட்டி, லேத்துல மாட்டி, மயிரிழை ஏத்த இறக்கத்தையும் காட்டுற டயல் கேஜ் வச்சு சுத்திப் பாத்து, ஒரு முனை கால் மில்லிமீட்டருக்கு மேல ஏறினதும் பித்தளைச் சுத்தியால தட்டி சரி பண்ணி, அப்புறம்தான் முழு வெல்டு. அதுவும் ஒரே ஓட்டமா இல்ல, வீல் நட்டு எதிரெதிரா முறுக்குற மாதிரி இந்தப் பக்கம் ஒரு இஞ்ச், எதிர்ப்பக்கம் ஒரு இஞ்ச். கடைசியில நடுவுல 0.2 மில்லிமீட்டர் ஏத்த இறக்கம்தான் இருந்துச்சு. "போட்டுக்கு இவ்வளவு பாக்க மாட்டேன் தம்பி"ன்னாரு. ஊசி ஓட்டை இருக்கான்னு பாக்க வெல்டு மேல சோப்புத் தண்ணி தடவி லேசா சூடு காட்டினோம், நுரை கிளம்பல.

பேலன்ஸுக்கு மதுரை. வண்டி இல்லாததால பஸ்ஸுல, சாக்குல சுத்தின ஷாஃப்ட்டோட. கண்டக்டர் "போட் சாமானாண்ணே?"ன்னு கேட்டாரு, கார் சாமான்னதும் நம்பல, பிரிச்சுக் காட்டினப்புறம் லக்கேஜ் டிக்கெட் போட்டாரு. பழைய பட்டறைக்குப் போகல, லாரி ஷாஃப்ட் பண்ற வேற இடம். அங்க இருந்த பெரியவர் ரெண்டு விஷயம் சொன்னாரு, ரெண்டும் தங்கம். ஒண்ணு, புது கிராஸைப் போட்டுத்தான் பேலன்ஸ் பண்ணணும், பழசுல பண்ணிட்டு அப்புறம் மாத்தினா எல்லாம் வீண். ரெண்டு, கழட்டி மாட்டையில எந்த முகம் எந்த முகத்தோட சேரணும்னு பெயிண்ட்ல கோடு போட்டுக்கணும். எடையைச் சமன் பண்ண முன் முனையில ஒரு சின்ன தகடு, பின் முனையில ரெண்டு ஒட்டி, மெஷின்ல நிமிஷத்துக்கு 3000 சுத்து விட்டுக் காட்டினாரு. மெஷின் மேடையில அவரு ஒரு ஒத்தை ரூபாயை நிமித்தி வச்சாரு, விழல.

அந்த 108 பாக்கி இருந்துச்சே. வீட்டுல ஷாஃப்ட்டை மாட்டிட்டு போன்ல கோணம் பாக்கிற ஆப்பை வச்சு அளந்தேன். கியர் பெட்டி பின்னால 3.5 டிகிரி சாஞ்சிருக்கு, ஷாஃப்ட் 5.5 டிகிரி. முன் கிராஸுல கோணம் 2, நல்லது. பினியன் மூக்கு 3.5 தூக்கி நிக்கணும், அப்பத்தான் கியர் பெட்டிக்கு இணையா இருக்கும், ஆனா 1.5-தான் தூக்கியிருக்கு, அப்ப பின் கிராஸுல 4 டிகிரி. முன்னால ரெண்டு, பின்னால நாலு, சமன் ஆகாது. இந்தக் குலுக்கல் கோணத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால நாலுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் ரெட்டிப்பு இல்ல, நாலு மடங்கு. யாத்ரீகங்க மூட்டை முடிச்சு தாங்கணும்னு அப்பா பின்னாடி கமான்ல, அதான் பட்டை ஸ்பிரிங்ல, பட்டை ஒண்ணு கூடுதலா போட்டிருந்தாரு, அதுல வந்த வினை. கமானுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல 2 டிகிரி ஆப்பு ரெண்டு, பாய் இரும்புல கடைஞ்சு கொடுத்தாரு, அதைச் செருகி யூ போல்ட்டை முறுக்கினதும் முன்னும் பின்னும் ரெண்டு ரெண்டு. கோணமே இல்லாம பூஜ்யமா வைக்கலாமேன்னு நினைக்காதீங்க, அப்ப ஊசி பேரிங் உருளாம ஒரே இடத்துல அழுந்தி பள்ளம் விழுந்துரும், அரை டிகிரியாவது வேணும்.

கடைசியா ஒரு வேலை, இதை யாரும் விட்டுராதீங்க. முன் கிராஸ் என்னைக்காவது உடைஞ்சா ஷாஃப்ட்டோட முன் முனை ரோட்டுல குத்தி வண்டியையே தூக்கிரும். அதனால முன் பக்கத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி பட்டை இரும்பை வளையமா வளைச்சு ஷாஃப்ட்டைச் சுத்தி பாடியோட போல்ட் பண்ணிட்டோம், உடைஞ்சாலும் தொட்டில்ல கிடக்கும்.

எல்லாம் சேத்து பத்தாயிரத்துச் சொச்சம் ஆச்சு. முன்னாடி வீணா போனது அதுக்கு ரெண்டு மடங்கு.

முதல் ஓட்டம் நானும் தம்பியும்தான் போனோம், அம்மாவைக் கூட்டிட்டுப் போகல. 80, 85, 88. ஆப்ல 54-ல இருந்த கோபுரம் புல்லு உசரத்துக்கு வந்துருச்சு, 108-ல ஒண்ணும் இல்ல. 95-ல பின் டயர் ரோட்டுல உருள்ற சத்தம் கேக்குது, இத்தனை வருஷத்துல அந்தச் சத்தத்தை இந்த வண்டிக்குள்ள நான் கேட்டதே இல்ல. ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையும்போது 70-கிட்ட ஒரு மெல்லிய ரீங்காரம் இன்னும் இருக்கு, பினியன் பல்லு தேய்மானம்னு நினைக்கிறேன், அது அடுத்த வேலை. அடுத்த வாரம் அம்மா வந்தாங்க. மானாமதுரை பைபாஸ் தாண்டினப்ப கண்ணாடியில பாத்தேன், சேலைத் தலைப்பை மூக்குக்கு இழுத்து விட்டுக்கிட்டு நல்ல தூக்கம், ரெண்டு கையும் மடியில.

இப்ப 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிராஸ் நிப்பிள்ல கிரீஸ் அடிக்கிறேன், கிராஸோட நாலு கால் முனை வழியாவும் புது கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும். தனுஷ்கோடி போய் வந்தா மறுநாளே அடியில நல்ல தண்ணி பீய்ச்சி கழுவிருவேன். அரிச்சல்முனை ரோட்டுல காத்து மணலை வாரி மேல போடும், உப்போட சேந்து ஊசி பேரிங் வாயில அது உக்காந்தா ரெண்டே மழைக்காலம்தான். கிரீஸ் செங்கல் நிறத்துல பிதுங்கினா யோசிக்காம கிராஸை மாத்திருங்க.

போன வாரம் பாய் போன் பண்ணினாரு. தொண்டியிலேர்ந்து மீன் லோடு அடிக்கிற பிக்கப் ஒண்ணு வந்திருக்காம், சேசிஸை நீட்டி பாடி கட்டினப்ப பின் ஷாஃப்ட்டையும் நீட்டிட்டாங்களாம், 70-லயே ஆடுதாம், டிரைவர் கட்டி ராடு போடச் சொல்லி நிக்கிறாராம். "நான் முடியாதுன்னுட்டேன் தம்பி, நீளத்தை அளந்து வச்சிருக்கேன், அந்த நோட்டையும் பி.வி.சி. குழாயையும் எடுத்துட்டு வெள்ளன வந்துரு, அவரு மதியத்துக்குள்ள ஐஸ் ஏத்தணுமாம்."